கட்டுவதற்கு முன் கெடுத்துப் பார்

1840-ஐ ஒட்டிய மாதங்கள். ஆஸ்திரியப் பேரரசின் தலைநகரான வியன்னாவில், பீரங்கிப் படையைச் சேர்ந்த எட்டு வீரர்களும் மூன்று கார்ப்பரல்களும் ஒரு விசித்திரமான பணியில் அமர்த்தப்பட்டிருந்தார்கள். சுட வேண்டிய எதிரி யாரும் இல்லை. நாள் முழுக்கக் கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான். வியன்னா பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் யோசெஃப் பெட்ஸ்வால் அப்போது கேமராவுக்கான ஒரு லென்ஸை வடிவமைத்துக்கொண்டிருந்தார். கணக்கு மலைபோல் குவிந்தது. ஆஸ்திரியப் பீரங்கிப் படையின் தலைமைப் பொறுப்பில் இருந்த இளவரசர் லூட்விக், தன் ஆட்களில் சிலரை அவருக்குக் கடனாகக் கொடுத்தார். குண்டு எங்கே போய் விழும் என்று கணிக்கப் பழகியவர்கள், ஒளி எங்கே போய் விழும் என்று கணிக்க உட்கார்ந்தார்கள்.

பாரிஸில் டாகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். அன்றைய கேமரா லென்ஸ்கள் ஒளியைச் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே விட்டன. படம் எடுத்துக்கொள்ள விரும்பியவர் கடும் வெயிலில் நிமிடக்கணக்கில் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். பெட்ஸ்வாலின் லென்ஸ் அவற்றைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல் ஒளியை வாங்கியது. மனித முகத்தைப் படம் பிடிப்பது ஒரு தொழிலாக மாறியதில் அதற்குப் பெரிய பங்குண்டு. எனக்கு வியப்பளிப்பது இதன் இன்னொரு பக்கம். அக்காலத்தில் லென்ஸ் செய்கிறவர்கள் பெரும்பாலும் தேய்த்துப் பார்ப்பார்கள், சரியில்லையென்றால் மறுபடி தேய்ப்பார்கள். ஃபோய்க்ட்லெண்டர் என்ற லென்ஸ் பட்டறைக்குப் பெட்ஸ்வாலிடமிருந்து போனதோ முழுக்கக் கணக்கிட்டு முடித்த வடிவம். கண்ணாடியாக உருவெடுக்கும் முன்பே அந்த லென்ஸ் காகிதத்தின் மேல் வேலை செய்துவிட்டது.

இன்று செல்போன் கேமராவிலிருந்து விண்வெளித் தொலைநோக்கி வரை எல்லா ஒளியியல் கருவிகளும் இப்படித்தான் பிறக்கின்றன. பதினொரு படைவீரர்களின் இடத்தில் ஒரு கணினி. உருவகப்படுத்தல் என்று இதற்குப் பெயர். பொறியாளர்கள் பேச்சில் சிமுலேஷன். பொருளைச் செய்யாமலே, அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கில் நடத்திப் பார்ப்பது.

அந்த வீரர்கள் போட்ட கணக்கின் அடிப்படை விதி ஒரே வரியில் அடங்கிவிடும். ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது வளைகிறது. எவ்வளவு வளையும் என்பதை இரண்டு செய்திகள் முடிவு செய்கின்றன: எந்தச் சாய்வில் வந்து மோதுகிறது, அந்தக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் என்ன. சாதாரணக் கண்ணாடிக்கு அந்த எண் சுமார் 1.5. டச்சுக் கணித அறிஞர் ஸ்நெல்லின் பெயரால் பள்ளிப் பாடத்தில் வருகிற விதி இது. பாக்தாதைச் சேர்ந்த இப்னு சஹ்ல் என்பவர் அவருக்கு ஆறு நூற்றாண்டுகள் முன்பே, 984-ஐ ஒட்டி இதை எழுதி வைத்துவிட்டார்.

விதி எளிது. அதை விடாமல் பயன்படுத்துவதுதான் கொடுமை. ஒரு கதிர் முதல் பரப்பில் எந்தப் புள்ளியில் மோதும்? அந்தப் புள்ளியில் பரப்பின் சாய்வு எவ்வளவு? வளைந்த பிறகு எந்தத் திசை? அடுத்த பரப்பில் எங்கே மோதும்? இப்படிப் பரப்புக்குப் பரப்பு கதிரின் கையைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். கதிர்த்தடம் வரைதல் என்று இதைச் சொல்லலாம். பெட்ஸ்வாலின் லென்ஸில் நான்கு கண்ணாடிகள். முன்னால் உள்ள இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டவை என்பதால் மொத்தம் ஏழு பரப்புகள். நூறு கதிர்களை அனுப்பினால் 700 வளைவுகள். மடக்கை அட்டவணையைப் புரட்டி ஒரு வளைவைக் கணக்கிட ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால்கூட 58 மணி நேரம் ஓடிவிடும். முடித்து நிமிரும்போது பேராசிரியர் வந்து, மூன்றாவது பரப்பின் வளைவைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போமே என்பார். மறுபடி முதலிலிருந்து.

இவ்வளவு பாடு எதற்கு? லென்ஸ் என்றால் கதிர்களை ஒரு புள்ளியில் குவிப்பது என்றுதானே படித்திருக்கிறோம்? அங்கேதான் பாடப்புத்தகம் ஒரு சின்னப் பொய்யைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. கோள வடிவப் பரப்புள்ள எந்த ஒற்றை லென்ஸும் தொலைவிலிருந்து வரும் எல்லாக் கதிர்களையும் ஒரே புள்ளியில் குவிப்பதில்லை. விளிம்பு வழியாக வருபவை கொஞ்சம் முன்னதாகவே ஒன்றுகூடிவிடும், நடுவே வருபவை சற்றுத் தள்ளிக் கூடும். இது கோளப் பிறழ்ச்சி. நீல ஒளி சிவப்பைவிட அதிகம் வளைவதால் நிறத்துக்கு ஓர் இடத்தில் பிம்பம் விழும். இது நிறப் பிறழ்ச்சி. ஓரத்தில் உள்ள நட்சத்திரம் வால்நட்சத்திரம்போல் வாலை நீட்டும். நேர்க்கோடு வில்லாக வளையும். நிறத்தை ஒதுக்கிவிட்டு மீதமுள்ள முதல்நிலைக் குறைகளை ஐந்து வகையாகப் பிரித்து, 1850-களில் இலக்கணம் எழுதினார் லுட்விக் ஸைடல் என்ற ஜெர்மானியர். ஒரு லென்ஸின் குறையை இன்னொன்றின் எதிர்க்குறையால் தீர்ப்பதே இந்தக் கலை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று தலைதூக்கும். நல்ல கேமராவுக்குள் ஏழெட்டு லென்ஸ்கள் வரிசையாக நிற்பதன் காரணம் இதுதான்: பெரிதாக்குவது அல்ல, ஒன்றின் தப்பை மற்றொன்று அடைப்பதே அவற்றில் பலவற்றுக்கும் வேலை.

கணினி பிறந்த உடனேயே ஒளியியல்காரர்கள் அதன் வாசலில் வந்து நின்றதில் ஆச்சரியமில்லை. அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அமைப்பு 1950-இல் ஸீக் என்ற மின்னணுக் கணினியை இயக்கத் தொடங்கியது. அது பார்த்த முதல் பயனுள்ள வேலைகளில் ஒன்று, லென்ஸ்களின் வழியே சாய்ந்து செல்லும் கதிர்களின் பாதையைக் கணக்கிடுவது. இன்று ஒரு சாதாரண மடிக்கணினி நொடிக்குப் பல லட்சம் வளைவுகளைக் கணக்கிட்டுவிடும். நாம் மேலே பார்த்த 58 மணி நேர வேலை அதற்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் சிறு பங்கு.

ஆனால் வேகம் மட்டும் போதாது. செல்போன் கேமராவை எடுத்துக்கொள்வோம். அதன் லென்ஸ் தொகுப்பில் பெரும்பாலும் ஆறேழு பிளாஸ்டிக் லென்ஸ்கள் இருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு சென்டிமீட்டர் உயரம்கூட வராது. அச்சில் வார்த்து எடுப்பதால் அவற்றின் பரப்பு கோளமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நடுவில் மேடு, ஓரத்தில் பள்ளம், மறுபடி சின்ன மேடு என்று நெளியலாம். ஒரு பரப்பின் நெளிவைச் சொல்ல எட்டு எண்கள் என்று வைத்தால், ஏழு லென்ஸ்களின் பதினான்கு பரப்புகளுக்கும் நூற்றுக்கு மேல் எண்கள் தேவை. ஒவ்வோர் எண்ணுக்கும் பத்தே பத்து மதிப்புகளை முயன்று பார்த்தாலும் மொத்த வாய்ப்புகள் ஒன்றுக்குப் பின் நூறு சுழியத்தைத் தாண்டும். நமக்குத் தெரிகிற பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களை எண்ணினால்கூட ஒன்றுக்குப் பின் சுமார் எண்பது சுழியம்தான். எந்தக் கணினியும் எல்லாவற்றையும் முயன்று பார்த்து முடிக்காது.

அதனால் ஒரு தந்திரம். வடிவமைப்பின் எல்லாக் குறைகளையும் திரட்டி ஒரே எண்ணாக்கிவிடுகிறார்கள். நடுவில் எவ்வளவு மங்கல், ஓரத்தில் எவ்வளவு, நிறம் எவ்வளவு பிரிகிறது, கோடு எவ்வளவு வளைகிறது என்று ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு தண்டனை என விதித்துக் கூட்டினால் கிடைப்பது குறை எண். அது சிறுக்கச் சிறுக்க லென்ஸ் நல்லது. இனி கணினியின் வேலை, நூறு எண்களையும் துளித் துளியாக அசைத்துக் குறை எண்ணை இறக்கிக்கொண்டே போவது. அமாவாசை இரவில் மலைப்பகுதியில் விடப்பட்ட ஒருவர், காலால் தடவிச் சரிவு எந்தப் பக்கம் என்று பார்த்து, இறங்கி இறங்கியே மிகத் தாழ்ந்த பள்ளத்தைத் தேடுவதுபோல. பெரிய அடி வைத்தால் எதிர்ச்சரிவில் ஏறிவிடும் அபாயம். சின்ன அடியே வைத்தால் விடிந்தாலும் இறங்கி முடியாது. எப்போது எவ்வளவு அடி வைப்பது என்பதற்கு 1944-இல் ஒரு நேர்த்தியான வழியைச் சொன்னவர் கென்னத் லெவன்பர்க். அவர் வேலை பார்த்த இடம் அமெரிக்க ராணுவத்தின் ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதச் சாலை. பீரங்கிக்காரர்களுக்கும் லென்ஸ்களுக்கும் ஏதோ பூர்வஜென்ம உறவு இருக்கிறது!

இருட்டில் இறங்குகிறவருக்கு ஒரு தொல்லை உண்டு. கால் நின்ற பள்ளம்தான் மிகத் தாழ்ந்ததா, அடுத்த மலைக்கு அப்பால் இதைவிட ஆழமானது இருக்கிறதா என்று தெரியாது. எங்கிருந்து இறங்கத் தொடங்குவது என்பதில்தான் அனுபவம் உள்ள வடிவமைப்பாளரின் கைவண்ணம் இன்றும் தெரிகிறது. கணினிக்கோ வேகம் உண்டு, பொது அறிவு கிடையாது. கட்டுப்பாடுகளைச் சொல்ல மறந்தால், ஒரு லென்ஸ் மற்றொன்றின் உடலுக்குள் ஊடுருவி நிற்கும்படியோ, ஓரத்தின் தடிமன் சுழியத்துக்கும் கீழே போகும்படியோ ஒரு வடிவத்தைக் கொண்டுவந்து நீட்டும். கணக்குப்படி அதுதான் உலகிலேயே அருமையான லென்ஸ். செய்யத்தான் முடியாது.

இதுவரை ஒளியைக் கோடாகவே பாவித்தோம். உண்மையில் அது அலை. எவ்வளவு கச்சிதமான லென்ஸும் ஒரு நட்சத்திரத்தைப் புள்ளியாகக் காட்டாது. துளையின் விளிம்பில் அலை சற்றே பரவி, வளையங்கள் சூழ்ந்த ஒரு சிறு வட்டைத்தான் உண்டாக்கும். விளிம்பு விளைவு என்பது இதுதான். நல்ல செல்போன் லென்ஸ் ஒன்றில் பச்சை ஒளிக்கு இந்த வட்டின் விட்டம் ஏறக்குறைய 2.4 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கேமராவில் படத்தைப் பதியும் உணரியில் உள்ள ஒளிப்புள்ளிகளோ ஒரு மைக்ரான் அளவுதான். ஆக, கதிர்கள் எல்லாம் ஒரே புள்ளியில் சேர்ந்துவிட்டன என்று கணக்கு மார்தட்டினாலும் அலைகள் அதை ஏற்காது. மென்பொருள் இங்கே இரண்டு வேடம் போடுகிறது. முதலில் கதிர்களை ஓட்டி, ஒவ்வொன்றும் கடந்துவந்த தொலைவை அளக்கிறது. அதிலிருந்து அலையின் முகப்பு எப்படிக் கசங்கியிருக்கிறது என்று வரைகிறது. பிறகு அந்த முகப்பை ஃபூரியே உருமாற்றம் என்ற கணித எந்திரத்தில் போட்டு, நட்சத்திரம் உண்மையில் எப்படித் தெரியும் என்று வெளியே எடுக்கிறது. லார்ட் ராலே வகுத்த பழைய விதி ஒன்று இன்றும் செல்லும்: அலைமுகப்பின் கசங்கல் ஓர் அலைநீளத்தில் கால் பங்குக்குள் இருந்தால் லென்ஸ் தேறியது. பச்சை ஒளிக்கு அது சுமார் 0.14 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

இவ்வளவும் ஆனபின் திரையில் ஓர் அற்புதமான லென்ஸ் நிற்கிறது. புதிதாக வந்தவர் இங்கே கைதட்டிவிட்டு எழுந்துவிடுவார். அனுபவசாலிக்கு வேலை இப்போதுதான் தொடங்குகிறது, ஏனென்றால் இந்த லென்ஸை யாராலும் செய்ய முடியாது. தொழிற்சாலையில் வரும் எந்த லென்ஸும் வரைந்தபடி வராது. தடிமனில் சில மைக்ரான் கூடும். நடுவச்சு சற்று விலகும். குழாய்க்குள் பொருத்தும்போது இம்மி சாயும். பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் நான்காவது தசம இடத்தில் மாறும். எந்தப் பிழையை எவ்வளவு வரை பொறுக்கலாம் என்று முடிவு கட்ட வேண்டும். பொறுதி என்பது அந்த எல்லை, பட்டறை மொழியில் டாலரன்ஸ்.

அதற்காக அந்த அழகான லென்ஸைக் கணினி வேண்டுமென்றே கெடுக்கிறது. ஒவ்வொரு தடிமனையும், சாய்வையும், வளைவையும் பொறுதிக்குள் தாறுமாறாகப் புரட்டிப்போட்டு, குறையுள்ள ஒரு பிரதியைச் செய்கிறது. பிறகு இன்னொன்று. இப்படி ஆயிரம், பத்தாயிரம். ஒவ்வொன்றின் வழியாகவும் ஒளியை அனுப்பிப் படம் எப்படி விழுகிறது என்று பார்க்கிறது. மொனாக்கோ நாட்டின் சூதாட்ட விடுதியை நினைத்து மான்டி கார்லோ முறை என்று பெயரிடப்பட்ட இந்த உத்தி, 1940-களில் லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடத்தில் ஸ்டானிஸ்லாவ் உலாம், ஜான் வான் நாய்மன் ஆகியோர் கையில் உருப்பெற்றது. பகடை உருட்டியே பதில் கண்டுபிடிப்பது. முடிவில் கணினி நீட்டும் சீட்டில் இருப்பது லாப நட்டக் கணக்கு: இந்தப் பொறுதியில் செய்தால் நூற்றுக்கு இத்தனை தேறும், இத்தனை குப்பைக்குப் போகும். இன்ன லென்ஸின் சாய்வை மட்டும் இறுக்கிப் பிடித்தால் போதும், மற்றவற்றைத் தளர்த்தி விடலாம் என்றும் அது சொல்லிவிடும்.

பல நேரம் குறை எண் மிகச் சிறியதாக வந்த வடிவமைப்புதான் இந்தத் தேர்வில் முதலில் விழுகிறது. அதன் லென்ஸ்கள் ஒன்றையொன்று கடுமையாக எதிர்த்து நின்று சமநிலை காட்டுபவை, ஒன்று அசைந்தால் எல்லாம் சரியும். கொஞ்சம் மட்டமான மதிப்பெண் வாங்கிய இன்னொன்று, எப்படித் தட்டினாலும் தாங்கும். நிறுவனம் அதைத்தான் வாங்கும். உருவகப்படுத்தலின் உண்மையான சாமர்த்தியமாக நான் கருதுவது இதைத்தான். ஒரு வடிவமைப்பு நன்றாக வேலை செய்கிறது என்று காட்ட எந்தக் கணக்கும் போதும். அது எப்படி எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று காட்டத்தான் இத்தனை வலிமை தேவைப்படுகிறது.

கெடுதல் வெளியிலிருந்தும் வரும். வெப்பநிலை ஒரு டிகிரி மாறும்போது பிளாஸ்டிக் லென்ஸின் ஒளிவிலகல் எண், சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு அதிகமாக மாறுகிறது. வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா, ஓட்டுநர் ஏறி அமர்ந்ததும் தெளிவாகப் பார்த்தாக வேண்டும். வெப்பம் எங்கே ஏறுகிறது, அதனால் சட்டகம் எப்படி விரிகிறது, அதனால் லென்ஸ் எங்கே நகர்கிறது, அதனால் படம் எவ்வளவு மங்குகிறது என்று நான்கு கணக்குகளைச் சங்கிலியாகக் கோர்த்து ஓட்டுவார்கள்.

இன்னொரு கெடுதல் லென்ஸ்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. இரவில் தெருவிளக்கைச் செல்போனில் படமெடுத்தால், வானத்தின் நடுவே பச்சையாக ஒரு புள்ளி மிதக்கும். பார்த்திருப்பீர்கள். பேய்ப் பிம்பம் என்று துறையில் சொல்கிறார்கள். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பதினான்கு பரப்புகள் என்றால் கடைசியில் போய்ச் சேருவது 56 சதவீதம்தான். திரும்பிய ஒளி சும்மா போகாது. இன்னொரு பரப்பில் பட்டு, மறுபடி முன்னோக்கித் திரும்பி, உணரியில் வேண்டாத இடத்தில் குவியும். பதினான்கு பரப்புகளில் இரண்டிரண்டாகத் தேர்ந்தால் 91 ஜோடிகள். ஆக 91 பேய்கள். எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சுகள் அவற்றை அடக்கும், அழிக்காது. எந்தப் பேய் எங்கே, எவ்வளவு பிரகாசமாக எழும் என்று தெரிய வேறு வகைக் கணக்கு வேண்டும். பரப்புகளை வரிசையாகத்தான் கடக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, லட்சக்கணக்கான கதிர்களை அவிழ்த்துவிடுவார்கள். அவை லென்ஸின் ஓரத்தில், கருப்புக் குழாயின் உட்சுவரில், உணரியின் மேல் என்று முட்டி மோதிக் கடைசியில் எங்கே ஒதுங்குகின்றன என்று எண்ணுவார்கள். பேயைக் கணினியிலேயே பிடித்துவிட்டால் ஒரு பரப்பின் வளைவைச் சற்று மாற்றி, அதன் குவியத்தைக் கலைத்துவிடலாம். அப்போது அது புள்ளியாக இல்லாமல் யார் கண்ணிலும் படாத மெல்லிய மூட்டமாகப் பரவிவிடும்.

இவ்வளவு தெரிந்த துறைக்கு 1990-இல் ஒரு பேரிடி விழுந்தது. ஏப்ரல் மாதம் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி ஏவப்பட்டது. 2.4 மீட்டர் விட்டமுள்ள அதன் முதன்மை ஆடி, அதுவரை செய்யப்பட்டவற்றில் மிக நுட்பமான ஆடிகளில் ஒன்று. இரண்டு மாதத்தில் உண்மை வெளிவந்தது: நட்சத்திரங்கள் மங்கிய வட்டங்களாகத் தெரிந்தன. ஒரு நட்சத்திரத்தின் ஒளியில் சுமார் 70 சதவீதம் நடுப்புள்ளியில் குவிய வேண்டும், குவிந்தது 15 சதவீதமே. ஆடியின் விளிம்பு தேவைக்கு மேல் 2.2 மைக்ரான் தட்டையாக இருந்தது.

வடிவமைப்பில் தவறில்லை. கணக்கும் சரி. மெருகேற்றியவர்களின் கைத்திறனும் குறைவில்லை. ஆடி சரியான வடிவத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்கப் பயன்பட்ட சோதனைக் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. அந்தப் பிழையான அளவுகோலுக்கு ஏற்ப, அணுவளவும் பிசகாமல், தவறான வடிவத்தைத் தேய்த்து முடித்திருந்தார்கள். வேறு இரண்டு எளிய சோதனைகள் ஏதோ கோளாறு என்று காட்டத்தான் செய்தன. பெரிய கருவிதான் நுட்பமானது என்று சொல்லி அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். தொலைநோக்கி முழுவதையும் சேர்த்து வைத்து ஒரு தடவை சோதிக்கும் செலவு அதிகம் என்று அதையும் விட்டுவிட்டார்கள். லென்ஸ்களைப் பத்தாயிரம் விதமாகக் கெடுத்துப் பார்க்கலாம். அளவுகோலைக் கெடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மீட்டதும் உருவகப்படுத்தல்தான், இம்முறை தலைகீழாக. வடிவம் இது, படம் எப்படி வரும் என்று கேட்பது வழக்கம். இப்போது கேள்வி மாறியது: படம் இப்படி மங்கியிருக்கிறது, எந்த வடிவம் இதைத் தரும்? கணினியில் ஹபிளின் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு ஆடியின் வடிவ எண்ணை மாற்றிக்கொண்டே போனார்கள். போலி நட்சத்திரமும் வானிலிருந்து வந்த நட்சத்திரமும் ஒத்துப்போகும் வரை நிறுத்தவில்லை. -1.0023 என்று இருக்க வேண்டிய கூம்பு மாறிலி என்ற அந்த எண் -1.0139 ஆக இருப்பது தெரிந்தது. நல்லவேளையாக, அந்தப் பழைய சோதனைக் கருவியைத் தொழிற்சாலையில் யாரும் கலைத்திருக்கவில்லை. அதை அளந்தபோது 1.3 மில்லிமீட்டர் பிசகு கையும் களவுமாகப் பிடிபட்டது. இரண்டு வழிகளும் ஒரே குற்றவாளியைக் காட்டின.

பிழை துல்லியமாகத் தெரிந்தால் அதன் எதிர்ப்பிழையையும் துல்லியமாகச் செய்யலாம். காஸ்டார் என்ற கருவியில் நாணய அளவே உள்ள பத்து ஆடிகள். முதன்மை ஆடி எவ்வளவு தவறோ அவ்வளவு எதிர்த்தவறு சில ஆடிகளில் செதுக்கப்பட்டது. 1993 டிசம்பரில் எண்டவர் விண்கலத்தில் போன வீரர்கள் அதைப் பொருத்தினார்கள். அதே எதிர்த்தவறை உள்ளேயே கொண்ட புதிய கேமராவும் மாட்டப்பட்டது. ஹபிளின் பார்வை தெளிந்தது.

அடுத்து வந்த ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு இந்தச் சலுகை கிடையாது. அதன் இடம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், கண்ணாடி மாட்டிவிட ஆள் அனுப்ப முடியாது. இன்னொரு வினோதமும் உண்டு. அதன் 6.5 மீட்டர் ஆடி, அறுகோண வடிவில் பதினெட்டுத் துண்டுகளாகப் பெரிலியம் உலோகத்தில் செய்யப்பட்டது. வேலை செய்யும் இடத்திலோ குளிர் சுமார் மைனஸ் 233 டிகிரி. அறை வெப்பத்தில் கச்சிதமாகத் தேய்த்த ஆடி அந்தக் குளிரில் கோணிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு துண்டையும் அலபாமா மாநிலத்தில் உள்ள குளிர் அறையில் வைத்து, எங்கே எப்படிக் கோணுகிறது என்று வரைபடம் எடுத்தார்கள். பிறகு அந்தக் கோணலுக்கு நேர் எதிரான கோணலை, சராசரியாக 20 நானோமீட்டர் நுட்பத்தில், பூமியிலேயே தேய்த்து வைத்தார்கள். நம் அறையில் வைத்துப் பார்த்தால் அவை தவறான ஆடிகள். விண்வெளிக் குளிரில் மட்டும் சரியானவை.

2017-இல் ஹூஸ்டனில் உள்ள ராட்சத வெற்றிட அறையில் ஆடிகளையும் கருவிகளையும் சேர்த்துச் சுமார் நூறு நாள் உறைய வைத்துச் சோதித்தார்கள். இடையில் ஹார்வி புயல் வந்து ஊரையே மூழ்கடித்தது, சோதனை நிற்கவில்லை. ஆனால் டென்னிஸ் மைதானம் அளவுள்ள ஐந்தடுக்கு வெயில் மறைப்பையும் சேர்த்து முழுத் தொலைநோக்கியையும் அடக்கி உறைய வைக்கும் அறை உலகில் இல்லை. ஒரு பக்கம் கொளுத்தும் வெயில், மறுபக்கம் உறைகுளிர் என்ற அந்த நிலை, ஆடிகளைத் தாங்கும் அதன் முதுகெலும்பை எத்தனை நானோமீட்டர் வளைக்கும் என்பதற்குக் கணினி மாதிரியின் வாக்கு மட்டுமே சாட்சி. அந்த மாதிரியின் பகுதிகளை, சோதிக்க முடிந்த இடத்திலெல்லாம் சோதித்துப் பார்த்துக்கொண்டார்கள்.

2021 டிசம்பர் 25 அன்று ஏவினார்கள். பிப்ரவரியில் முதல் நட்சத்திரத்தைப் பார்த்தபோது, ஒன்றுக்குப் பதில் பதினெட்டுப் புள்ளிகள். யாரும் பதறவில்லை, அப்படித்தான் வரும் என்று கணினிப் படங்கள் முன்பே சொல்லியிருந்தன. எந்தப் புள்ளி எந்தத் துண்டுடையது என்று ஒவ்வொன்றாக அசைத்துக் கண்டுபிடித்தார்கள். 132 சிறு இயந்திர விரல்கள் ஆடிகளைப் பின்னாலிருந்து தள்ளின, அவற்றின் மிகச் சிறிய அடி 10 நானோமீட்டர். தள்ளச் சொன்ன மென்பொருள், ஆறில் ஒரு பங்கு அளவில் கட்டிய மாதிரித் தொலைநோக்கியில் ஏற்கெனவே பாடம் படித்தது. மார்ச் மாதம் பதினெட்டும் ஒன்றாயின. 2 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள அலைநீளங்களில், இயற்பியல் அனுமதிக்கும் உச்சத் தெளிவு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். 1.1 மைக்ரான் முதலே அது கிடைத்தது.

மே மாத இறுதியில் சி3 என்ற ஆடித்துண்டின் மேல் தூசி அளவு விண்கல் ஒன்று மோதியது. இத்தகைய மோதல்கள் வரும் என்று மாதிரிகள் சொல்லியிருந்தன, இவ்வளவு பெரிய தழும்பை ஒன்றே ஏற்படுத்தும் என்று சொல்லவில்லை. அந்தத் துண்டின் நிலையைச் சற்று மாற்றிப் பிழையின் ஒரு பகுதியை ஈடுகட்டினார்கள். அடுத்த சுற்று ஆய்வுகளிலிருந்து, தொலைநோக்கி தான் பறந்து செல்லும் திசையை நேராக எதிர்கொண்டு பார்க்கும் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள்.